டொக்டர் படிப்பும் கடை முதலும்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வந்து, பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிகளும் அறிவிக்கப்பட்டால் நமது கடைத்தெருக்களில் இரண்டு விதமான முதலாளிமாரைக் காணலாம். ஒருவர் இனிப்புப் பெட்டியோடு பக்கத்துக் கடைகளுக்குப் போவார். மற்றவர் காசு மேசைக்குப் பின்னால் அமர்ந்து, யாரும் எதுவும் கேட்டுவிடக் கூடாதே என்று பில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார். அந்த இரண்டாவது நபராக நான் இரண்டு தடவை இருந்திருக்கிறேன். அதனால்தான் இந்த வாரம் சரக்கு விலையையும் வரி விகிதத்தையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு, நம் வீடுகளில் நடக்கும் மிகப் பெரிய முதலீடு ஒன்றைப் பற்றி எழுத நினைத்தேன்.

சில வாரங்களுக்கு முன்பு, புறக்கோட்டையில் நான் சரக்கு எடுக்கும் போதெல்லாம் சந்திக்கும் சக வியாபாரி ஒருவர் கண்டிக்கு வந்திருந்தார். கையில் பளபளப்பான ஒரு கோப்பு. உள்ளே வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் படங்கள், கட்டண விபரம், முகவரின் விசிட்டிங் கார்ட்.

"நானா, மகளுக்கு வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம்தான் குறைவு. இந்த மாசத்துக்குள்ள அட்வான்ஸ் கட்டினா சீட் உறுதி என்று ஏஜென்ட் சொல்றார். நீங்க மகன அனுப்பினீங்கதானே, என்ன சொல்றீங்க?"

"அனுப்பு" என்றோ "அனுப்பாதே" என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. தேநீர் வரவழைத்து, அவரோடு ஒரு மணித்தியாலம் பேசினேன். அன்று அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நமது சமூகத்தில் பிள்ளையை டொக்டராக்க நினைக்காத வியாபாரி குறைவு. அந்த ஆசையில் தவறே இல்லை. ஆனால் நூறு ரூபாச் சாமானுக்கு நாலு கடை விசாரிக்கிற நாம், கோடிக் கணக்கை நெருங்கும் இந்த விடயத்தில் மட்டும் கணக்குப் பார்க்காமல் இறங்கிவிடுகிறோம். நானும் அப்படித்தான் இறங்கினேன்.

உள்நாட்டுக் கணக்கு

முதலில் நமது நாட்டு நிலைமையைச் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். அரச பல்கலைக்கழகங்களில் இன்று பத்துக்கும் மேற்பட்ட மருத்துவ பீடங்கள் இருக்கின்றன. கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870இல் ஆரம்பமானது. பேராதனை 1962இல் வந்தது. யாழ்ப்பாணமும் ருஹுணுவும் 1978இல் வந்தன. அதன் பின்னர் களனி, ஸ்ரீ ஜயவர்தனபுர, ரஜரட்ட, கிழக்கு என்று ஒவ்வொன்றாகக் கூடின. பீடங்கள் கூடினாலும், உயிரியல் பிரிவில் பரீட்சை எழுதும் பிள்ளைகளின் தொகையோடு ஒப்பிட்டால் இடங்கள் சொற்பம்தான்.

அந்த இடங்களும் ஒரே வரிசையில் பங்கிடப்படுவதில்லை. 40 வீதம் வரை அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகிறது. 55 வீதம் வரை மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பப் பிரிகிறது. 5 வீதம், கல்வியில் பின்தங்கியவை என அடையாளப்படுத்தப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கிடைக்கிறது. இதனால்தான் ஒரே இஸட் புள்ளியை எடுத்த இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்கு இடம் கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காமல் போகிறது. கொழும்பிலும் கண்டியிலும் இருக்கும் நாம் இதை நினைத்துக் குறைப்படுகிறோம். ஆனால் ஆய்வுகூடம் ஒழுங்காக இல்லாத, இரசாயனவியல் ஆசிரியர் வருடக் கணக்கில் இல்லாத ஒரு பாடசாலையில் படித்த பிள்ளையின் பக்கத்தில் நின்று பார்த்தால் அந்த முறைக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. எது எப்படியோ, முறை இதுதான். அதற்குள் நின்றுதான் நாம் முடிவெடுக்க வேண்டும்.

உள்ளே போய்விட்டால் படிப்புக் கட்டணம் கிடையாது. 1945இல் வந்த இலவசக் கல்வியின் பலன் அது. ஐந்து வருடப் படிப்பு, ஒரு வருட உள்ளகப் பயிற்சி. பெற்றோர் பார்க்க வேண்டியது விடுதி, சாப்பாடு, புத்தகம் ஆகியவற்றை மட்டுமே. அதுவும் ரூபாவில்.

பணம் கட்டி இங்கேயே படிப்பிக்க முடியாதா என்று பலர் கேட்கிறார்கள். அந்தப் பாதையின் சரித்திரத்தைப் பார்த்தால் வியாபாரிகளுக்கு விடயம் விளங்கும். 1980களில் ராகமையில் நடந்த வட கொழும்பு மருத்துவக் கல்லூரி, மாணவர் எதிர்ப்புக்களுக்குப் பிறகு 1989இல் அரசுடைமையாகி, 1991இல் களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடமானது. மாலபேயில் 2008இல் ஆரம்பமான சைட்டம் நிறுவனமும் நீண்ட வழக்குகளுக்கும் வேலைநிறுத்தங்களுக்கும் பிறகு மூடப்பட்டு, அதன் மருத்துவ மாணவர்கள் 2018இல் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டார்கள். தனியார் மருத்துவக் கல்வி நல்லதா கெட்டதா என்ற விவாதம் வேறு. அந்த இரண்டு இடங்களிலும் காசைக் கட்டிவிட்டு, பிள்ளையின் பட்டம் செல்லுமா செல்லாதா என்று வருடக் கணக்கில் காத்திருந்தவர்கள் பெற்றோர்தான்.

ஆக, இலவச இடம் கிடைக்காத பிள்ளைக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. திரும்பவும் பரீட்சை எழுதுவது, மூன்று தடவை வரை அதற்கு இடமுண்டு. வேறொரு துறைக்குப் போவது. அல்லது வெளிநாடு போவது.

வெளிநாட்டுக் கணக்கு டொலரில்

என் மூத்த மகன் 2016 ஓகஸ்ட் மாதம் இரண்டாவது தடவையாகப் பரீட்சை எழுதினார். கண்டி மாவட்டத்துக்கான வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் குறைந்தது. மூன்றாவது தடவை எழுதுகிறேன் என்றார். நான்தான் பொறுக்கவில்லை. பள்ளிவாசலுக்குப் போனால் கேட்கிறார்கள், கல்யாண வீட்டுக்குப் போனால் கேட்கிறார்கள். ஒரு முகவர் கடைக்கே வந்து பேசினார். 2017 செப்டெம்பரில் மகனைச் சீனாவுக்கு அனுப்பினேன்.

அன்று ஒரு டொலர் ஏறக்குறைய 153 ரூபா. படிப்புக்கும் விடுதிக்குமாக வருடத்துக்கு 5,000 டொலர். அதாவது 7 இலட்சத்து 65 ஆயிரம் ரூபா. கண்டியில் ஒரு கடையும் கம்பளையில் ஒரு கடையும் இருந்தன. இரண்டிலும் வீட்டுப் பாவனைப் பொருட்கள்தான். ஆறு வருடத்தை ஏழரை இலட்சத்தால் பெருக்கிப் பார்த்தேன். சமாளிக்கலாம் என்று தோன்றியது. கணக்கு அவ்வளவுதான்.

ஆறு வருடம் கழித்துக் கொடுக்க வேண்டிய பணத்தை இன்றைய டொலர் விலையில் கணக்கிட்டு, எந்த வியாபாரியாவது ஓர் இறக்குமதிக்குக் கையெழுத்து வைப்பாரா? மூன்று மாதம் கழித்து வரும் கன்டெய்னருக்கே டொலர் ஏறுமா இறங்குமா என்று பார்க்கிறோம். பிள்ளையின் படிப்பு என்பது ஆறு வருடத்துக்கு நாம் திறக்கும் ஓர் எல்.சி. இடையில் ரத்துச் செய்ய முடியாது. சரக்கென்றால் விற்கலாம், திருப்பலாம். மூன்றாம் வருடத்தில் நின்ற மருத்துவப் படிப்பைத் திருப்ப முடியாது.

2018 மார்ச்சில் திகனைச் சம்பவங்கள் நடந்தன. 2019 ஏப்ரலுக்குப் பிறகு நமது கடைகளுக்கு வாடிக்கையாளர் வருவது எப்படிக் குறைந்தது என்பதை நான் எழுதித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்பதில்லை. 2020இல் கொரோனா. அதோடு அந்நியச் செலாவணியைச் சேமிப்பதற்காக அரசாங்கம் பல பொருட்களின் இறக்குமதியை நிறுத்தியது. என் கடையில் விற்கும் சாமான்களில் பாதி அந்தப் பட்டியலில் இருந்தது. இவ்வளவுக்கும் மத்தியில் கட்டணம் கட்டும் திகதி மட்டும் ஒரு நாளும் பிந்தவில்லை.

2022 மார்ச் மாத ஆரம்பத்தில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. அதே 5,000 டொலருக்கு நான் 18 இலட்சம் ரூபா தேட வேண்டியிருந்தது. தேடினாலும் டொலர் கிடைக்கவில்லை. வங்கிக்கு வங்கி ஏறி இறங்கினேன். அந்த வருடம் கம்பளைக் கடையை மூடினேன். இருந்த சரக்கை வந்த விலைக்குக் கொடுத்தேன். உம்மா கொடுத்த நகையையும் மனைவி விற்றார். இன்று டொலர் 300 ரூபா அளவில் நிற்கிறது. அந்தக் கடை திரும்பவும் வரவில்லை.

சங்கத்தில் சரக்கு நிற்பது போல

இறக்குமதி செய்கிறவர்களுக்குத் தெரியும். சாமான் கப்பலில் ஏறிவிட்டது என்பதற்காக அது நமது கடைக்கு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. துறைமுகத்தில் இறங்கி, சுங்கத்தைக் கடந்து, களஞ்சியத்துக்கு வந்தால்தான் சரக்கு. வெளிநாட்டுப் பட்டமும் அப்படித்தான்.

வெளிநாட்டில் பட்டம் பெற்றவர் இங்கே வைத்தியராகத் தொழில் செய்வதற்கு முதலில் அவர் படித்த நிறுவனத்தை இலங்கை மருத்துவ சபை ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். பிள்ளையின் உயர்தரப் பெறுபேறும் சபை கேட்கும் தகுதியில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு மருத்துவ சபை நடத்தும் பதிவுப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். முன்னர் 'அக்ட் 16' என்று சொன்னார்கள், இப்போது ஈ.ஆர்.பி.எம். என்கிறார்கள். அதன் பிறகுதான் உள்ளகப் பயிற்சி. அதை முடித்த பின்தான் முழுமையான பதிவு.

முகவர்கள் காட்டும் கோப்புக்களில் "உலக சுகாதார ஸ்தாபனத்தின் அங்கீகாரம் பெற்றது" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். உலக சுகாதார ஸ்தாபனம் மருத்துவக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் நிறுவனமே அல்ல. உலக மருத்துவக் கல்லூரிகளின் பட்டியலில் ஒரு பெயர் இருக்கிறது என்றால், அப்படி ஒரு கல்லூரி இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். இங்கே செல்லுமா என்பதைச் சொல்ல வேண்டியது இலங்கை மருத்துவ சபை மட்டுமே. அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் அங்கே நேரில் போய், அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரையும் பட்டத்தின் பெயரையும் எழுதிக் கொடுத்து விசாரிக்க வேண்டும். எனக்கு அப்போது இது தெரியாது. முகவரின் வார்த்தையை நம்பினேன். என் அதிர்ஷ்டம், மகன் படித்த இடம் ஏற்கப்பட்டதாக இருந்தது. அதிர்ஷ்டத்தை நம்பி வியாபாரம் செய்யக் கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்கிறவன் நான்.

முகவருக்குத் தரகு கிடைப்பதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. நாமும் தரகு கொடுத்து, தரகு வாங்கி வாழ்கிறவர்கள்தான். ஆனால் விற்கிறவரிடமே சாமானின் தரத்தைக் கேட்டு முடிவெடுப்பதில்லை. அது இங்கேயும் பொருந்தும்.

யாருடைய கையிலும் இல்லாத காரியங்கள்

2020 ஜனவரி மாதம் மகன் விடுமுறைக்கு வந்தார். ஒரு மாதத்தில் திரும்புவதாக இருந்தது. கொரோனாவினால் சீனா எல்லையை மூடியது. 2022ஆம் ஆண்டின் இறுதியில்தான் அவரால் திரும்ப முடிந்தது. இடைப்பட்ட காலம் முழுதும் வீட்டின் மேல்மாடியில் ஒன்லைன் வகுப்பு. மருத்துவப் படிப்பில் நோயாளியின் கட்டிலருகே நின்று படிக்க வேண்டிய வருடங்கள் அவை. கைத்தொலைபேசியில் நோயாளியின் நாடியைப் பிடிக்க முடியுமா? கட்டணம் மட்டும் வழமை போலக் கட்டினோம்.

சீனாவில் மட்டும்தான் இப்படி என்று நினைக்கக் கூடாது. 2022 பெப்ரவரியில் உக்ரைனில் யுத்தம் வந்தபோது அங்கே மருத்துவம் படித்த பல நாட்டுப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு எல்லையைக் கடந்தார்கள். 2024 ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் பங்களாதேஷில் போராட்டம் வெடித்து, ஊரடங்கும் இணையத் தடையும் வந்தபோது, இங்குள்ள பெற்றோர் பிள்ளைகளோடு பேச முடியாமல் தவித்தார்கள். நம் நாடும் குறைந்ததல்ல. 2017இல் சைட்டம் பிரச்சினையில் அரச மருத்துவ மாணவர்கள் மாதக் கணக்கில் வகுப்புக்களைப் பகிஷ்கரித்தார்கள். கொரோனாவும் 2022 நெருக்கடியும் இங்குள்ள பீடங்களையும் பின்னால் தள்ளின. தாமதம் எங்கும் இருக்கிறது. ஆனால் இங்கே தாமதமாகும் வருடத்துக்கு நாம் டொலர் கட்டுவதில்லை. வித்தியாசம் அதில்தான்.

மொழியையும் யோசிக்க வேண்டும். சீனாவிலும் ரஷ்யாவிலும் வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் வார்ட்டில் படுத்திருக்கும் நோயாளி ஆங்கிலம் பேசமாட்டார். அவருடைய மொழி தெரியாவிட்டால் கற்பது பாதியாகிவிடும். பங்களாதேஷ், பாகிஸ்தான், இந்தியா போன்ற நாடுகளில் டெங்கு, காசநோய் என்று நம் நாட்டில் காணும் நோய்களையே காணலாம். ஹலால் சாப்பாடும் தொழுகை வசதியும் நமக்குப் பழகியவையாக இருப்பதால், பெண் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் பங்களாதேஷ், பாகிஸ்தான், மலேசியா ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். பங்களாதேஷின் அரசாங்க மருத்துவக் கல்லூரிகளில் சார்க் நாட்டு மாணவர்களுக்கென்று ஒதுக்கிய இடங்களும் உண்டு. நல்ல பெறுபேறு உள்ள பிள்ளைகள் தனியார் கல்லூரிக்குக் காசு கட்டுவதற்கு முன்னர் அந்த வழியையும் புலமைப்பரிசில்களையும் விசாரித்துப் பார்க்க வேண்டும்.

மகன் 2024இல் பட்டம் பெற்றார். பதிவுப் பரீட்சையில் முதல் தடவை தவறினார். இரண்டாவது தடவை சித்தியடைந்தார். அவர் கெட்டிக்காரர், கடுமையாக உழைத்தார். அவரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

மற்றப் பிள்ளையின் பங்கு

நான் எழுத வந்ததில் கஷ்டமான பகுதி இதுதான்.

என் மகளும் உயிரியல் பிரிவில் படித்தார். 2021ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை பிந்தி 2022 பெப்ரவரியில்தான் ஆரம்பமானது. அந்த ஓகஸ்டில் பெறுபேறு வந்தது. மருத்துவத்துக்குப் போதாது என்பது பார்த்த உடனேயே விளங்கியது. டொலர் 360ல் நின்ற காலம். கம்பளைக் கடையை மூடி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒருநாள் இரவு சாப்பிட்டு முடிந்த பிறகு மகள் கேட்டார்.

"வாப்பா, நானாவ அனுப்பின மாதிரி என்னையும் அனுப்ப ஏலுமா?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. ஏலாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. அவரே விளங்கிக்கொண்டு, "பரவாயில்ல, நான் திரும்ப எழுதுறேன்" என்று எழுந்து போனார். அன்றிரவு நான் தூங்கவில்லை. மூன்று பிள்ளைகளுக்கும் சொந்தமான முதலை ஒரு பிள்ளையின் பெயரில் போட்டுவிட்டேன் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. கடையில் பங்காளி ஒருவருடைய பணத்தை அவரைக் கேட்காமல் எடுத்திருந்தால் அதற்கு என்ன பெயர் சொல்வோம்?

மகள் திரும்ப எழுதினார். மருத்துவத்துக்கு இரண்டாவது தடவையும் கிடைக்கவில்லை. அரச பல்கலைக்கழகம் ஒன்றில் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் கிடைத்தது. நான்கு வருடப் பட்டம், கட்டணம் இல்லை. இப்போது சந்தோஷமாகத்தான் படிக்கிறார். மருந்தாளர், தாதியர், இயன்மருத்துவம், கதிர்ப்படவியல் என்று இப்படிப் பல பட்டப்படிப்புக்கள் நம் அரச பல்கலைக்கழகங்களில் இருக்கின்றன. பல் வைத்தியமும் மிருக வைத்தியமும் இருக்கின்றன. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் யூனானி வைத்தியத்துக்கே பட்டப்படிப்பு இருக்கிறது. எத்தனை வாப்பாமார் இந்தப் பட்டியலைப் பிள்ளையோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறோம்? "டொக்டர் இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை" என்று நாம்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

இதை வைத்து, மகளின் வழிதான் சரி, மகனின் வழி பிழை என்று நான் சொல்ல வரவில்லை. நாளைக்கு மகன் ஓர் ஆஸ்பத்திரியில் ஆயிரம் பேருக்கு மருந்து கொடுப்பார். அதற்கு நான் விலை போட முடியாது. என் பிழை, பிள்ளைகளைக் கேட்காமல் முடிவெடுத்தது. கம்பளைக் கடை மூடிய செய்தியைக் கேட்டு மகன் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "வாப்பா, அத மூட முந்தி என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே. நான் ஒரு வருஷம் நிப்பாட்டியாவது சமாளிச்சிருப்பேன்." மூன்றாவது தடவை எழுதுகிறேன் என்று 2017இல் அவர் சொன்னபோதும் நான் கேட்கவில்லை.

"காசு போனால் வரும், வயது போனால் வராது" என்பார்கள். மூன்றாவது தடவை எழுதி ஒரு வருடத்தைத் தொலைப்பதை விட இப்போதே அனுப்புவது மேல் என்பது அவர்களுடைய வாதம். அதில் உண்மை உண்டு. ஆனால் என் மகன் 2017இல் போய் 2024இல் பட்டம் எடுத்து, அதற்குப் பிறகும் பரீட்சைக்கும் உள்ளகப் பயிற்சிக்கும் காத்திருந்தார். மிச்சப்படுத்த நினைத்த ஒரு வருடம் எங்கே போனது என்று தெரியவில்லை. "இங்கே செல்லாவிட்டால் வெளிநாட்டில் வேலை செய்யட்டும்" என்றும் சொல்கிறார்கள். பிரித்தானியாவோ அவுஸ்திரேலியாவோ வளைகுடா நாடுகளோ, ஒவ்வொரு நாட்டுக்கும் அதன் சொந்தப் பரீட்சையும் பதிவும் இருக்கிறது. சுங்கம் இல்லாத துறைமுகம் எங்கும் இல்லை.

அப்படியானால் எப்படி முடிவெடுப்பது?

என் அனுபவத்தில் இருந்து சில விடயங்களைச் சொல்கிறேன். இவற்றைப் பின்பற்றினால் நட்டம் வராது என்று சொல்லமாட்டேன். தெரிந்துகொண்டு இறங்கலாம்.

முதலாவது, முழுச் செலவையும் ஒரு தாளில் எழுதுங்கள். படிப்புக் கட்டணத்தோடு நிறுத்தாமல் விடுதி, சாப்பாடு, விஸா, காப்புறுதி, வருடாந்த விமான டிக்கட், திரும்பி வந்து பதிவுப் பரீட்சைக்குப் படிக்கும் காலத்தின் செலவு எல்லாவற்றையும் சேருங்கள். முழுப் பதிவு கையில் கிடைக்கும் நாள் வரை கணக்குப் போட வேண்டும். பட்டமளிப்பு விழாவோடு கணக்கு முடிவதில்லை.

இரண்டாவது, இன்றைய டொலர் விலையில் கணக்கிட வேண்டாம். அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிப் பாருங்கள். அப்போதும் தாங்குமா என்று பாருங்கள். 2022ஐக் கண்ட நமக்கு இது மிகையான எச்சரிக்கை அல்ல.

மூன்றாவது, அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வருடாந்த இலாபத்திலிருந்தும் சேமிப்பிலிருந்தும் வருமானால் யோசிக்கலாம். கடையில் சுழலும் முதலை உடைத்து, அல்லது வட்டிக் கடனில் விழுந்துதான் கட்ட வேண்டும் என்றால் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள். கடை விழுந்தால் மூன்றாம் வருடக் கட்டணமும் நிற்கும். பிள்ளை இரண்டுங்கெட்டானாகத் திரும்பி வரும்.

நான்காவது, குறைந்தது முதல் இரண்டு வருடக் கட்டணத்தையாவது தனியாக எடுத்து வைத்த பிறகு அனுப்புங்கள். கட்டணத்தை முகவர் கையில் கொடுக்காமல் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு வங்கி மூலம் அனுப்பி ரசீது எடுங்கள். இரண்டாம் வருடத்திலிருந்து கட்டணம் கூடுமா, விஸா கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். சரக்குக்குச் செய்கிறோம், பிள்ளைக்குச் செய்ய வெட்கப்பட வேண்டியதில்லை.

ஐந்தாவது, அதே இடத்தில் படித்து இங்கே வந்து பதிவு பெற்ற ஒருவரையாவது தேடிப் பேசுங்கள். படித்துக்கொண்டிருப்பவரின் பேச்சை விட, முடித்து வந்தவரின் பேச்சு பெறுமதியானது. பதிவுப் பரீட்சைக்கு எத்தனை தடவை எழுதினார் என்று மறக்காமல் கேளுங்கள்.

கடைசியாக, வீட்டிலுள்ள எல்லோரையும் இருத்தி, இந்தத் தாளைக் காட்டிப் பேசுங்கள். அனுப்பப் போகும் பிள்ளைக்கு உண்மையில் விருப்பமா என்று கேளுங்கள். மற்றப் பிள்ளைகளுக்கு இதனால் எது குறையும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் நாம் நினைப்பதை விடக் கணக்கு விளங்கியவர்கள்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த அந்த நண்பர், "அப்ப அனுப்ப வேணாம் என்றுதானே சொல்றீங்க, நானா?" என்றார். "இல்ல தம்பி, கணக்குப் பார்த்திட்டு அனுப்புங்க என்று சொல்றேன்" என்றேன். முகவர் கொடுத்த அட்வான்ஸ் திகதிக்கு இன்னும் பத்து நாட்கள் இருந்தன. "மகள்கிட்ட இதெல்லாம் பேசினீங்களா?" என்று கேட்டேன். "அவ சின்னப் புள்ளதானே, டொக்டராக விருப்பம் என்று சொன்னா, அவ்வளவுதான்" என்றார். கோப்பை மூடி, பையில் வைத்துக்கொண்டு, இன்றிரவு பேசிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் தொலைபேசியில் அழைத்தார். மகளும் அவரும் சேர்ந்து கணக்கு எழுதினார்களாம். இன்னொரு தடவை பரீட்சை எழுதுவதற்கும், அதற்கிடையில் மருத்துவ சபையில் விசாரித்து வைப்பதற்கும் முடிவு செய்திருக்கிறார்கள். அடுத்த வருடம் அந்தப் பிள்ளை வெளிநாடு போகலாம், போகாமலும் விடலாம். எதுவானாலும் அது அந்த வீட்டில் எல்லோரும் அறிந்து எடுத்த முடிவாக இருக்கும். என் வீட்டில் அது நடக்கவில்லை. உங்கள் வீட்டிலாவது நடக்கட்டும்.